லெட்ஸ் என்கிரிப்ட்: "தொடரவும்" பொத்தானை எங்கள் அலுவலகத்திலிருந்து அனுப்பிவைத்த சேவை

ஒரு சின்ன அலுவலகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணக்கு எழுதும் பக்கம், விடுப்பு போடும் பக்கம், கோப்புகள் வைக்கும் பெட்டி, ரௌட்டர், இரண்டு பிரிண்டர் என்று எல்லாவற்றிலும் ரொம்ப நாள் வரை நானே தயாரித்துப் போட்ட சான்றிதழ்கள்தான் (இந்தத் தளம் இன்னாருடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் கோப்புகள்) இருந்தன. பிரவுசரில் திறந்தால் சிவப்பு முக்கோணத்தோடு "உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல" என்று வரும். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தேன்: எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், அட்வான்ஸ்டு என்பதை அழுத்துங்கள், கீழே சின்ன எழுத்தில் வரும் "தொடரவும்" என்பதை அழுத்துங்கள், வேலை முடிந்தது.

ஒரு நாள் கூட வேலை பார்க்கும் ஒரு பெண் வெளியூரிலிருந்து கூப்பிட்டார். "அண்ணா, நீங்க சொன்ன மாதிரி அட்வான்ஸ்டு அழுத்திட்டேன், ஆனா அந்தத் தொடரவும் பொத்தான் இங்க வரவே இல்லையே, என்ன பண்ணணும்?" என்று கேட்டார். எந்தப் பக்கம் என்று கேட்டால், அவருடைய வங்கிப் பக்கம். பொது வைஃபை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு திறந்திருக்கிறார். அந்த வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் குறுக்கே வந்ததுதான் காரணமாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். வைஃபையை விட்டு வெளியே வந்து மொபைல் டேட்டாவில் திறக்கச் சொன்னேன், எச்சரிக்கை இல்லாமல் திறந்தது. வங்கிப் பக்கம் எச்எஸ்டிஎஸ் என்ற விதியைப் பிரவுசருக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததால்தான் அந்தப் பொத்தான் வரவில்லை. 2012-இல் ஆர்எஃப்சி 6797 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வந்த விதி அது. ஒரு தளம் அதைச் சொல்லிவிட்டால், அந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லாதபோது பயனர் தாண்டிப் போக வழியே இருக்காது. பொத்தான் இருந்திருந்தால் அவர் அழுத்தியிருப்பார், கடவுச்சொல்லையும் கொடுத்திருப்பார். அழுத்தச் சொல்லிக்கொடுத்தது நான்.

அன்றைக்குத்தான் எங்கள் அலுவலகத்தில் இனி ஒரு பக்கத்தில்கூட அந்த எச்சரிக்கை வரக் கூடாது என்று முடிவு செய்தேன். அதற்கு நான் போன இடம், இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட். சில வருடங்கள் பயன்படுத்தியாகிவிட்டது, அதன் நல்லதும் கெட்டதும் தெரியும், அதனால் இந்த விமர்சனம். கூடவே எம்கேசர்ட் என்ற சின்னக் கருவியைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் இந்தக் கதை பாதியில்தான் நிற்கும்.

சேவைக்குப் போகும் முன்னால் அந்த எச்சரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. நாமே போட்ட சான்றிதழ் என்றால் குறியாக்கம் பலவீனம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பூட்டு அதே பூட்டுதான். பிரச்சினை அடையாளத்தில். எனக்கு நானே நற்சான்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் காட்டினால் யார் நம்புவார்கள்? நடுவில் உட்கார்ந்து கேட்கிறவனும் அதே மாதிரி ஒன்றை ஒரு நிமிடத்தில் எழுதிக்கொள்வான். பிரவுசருக்கு அவனுடையதும் என்னுடையதும் ஒன்றுபோலத்தான் தெரியும். காலாவதியான சான்றிதழ் கொஞ்சம் வேறு. அது ஒருகாலத்தில் சரியாக இருந்தது, யாரோ புதுப்பிக்க மறந்துவிட்டார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் டொமைன் (தளத்தின் பெயர்) கைமாறியிருக்கலாம், தனிச்சாவி (சான்றிதழுக்கு ஜோடியான ரகசியக் கோப்பு) வெளியே போயிருக்கலாம், இதையெல்லாம் பிரவுசர் எப்படிக் கண்டுபிடிக்கும்? அதனால் அதையும் நிறுத்துகிறது, நிறுத்துவது சரிதான்.

2013-இல் யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் காலத்துக் குரோமில் சான்றிதழ் எச்சரிக்கையைப் பார்த்தவர்கள் சுமார் 70 சதவீதம் முறை தாண்டிப் போயிருக்கிறார்கள், ஃபயர்ஃபாக்ஸில் 33 சதவீதம் முறை. பயனர்கள் முட்டாள்கள் என்பது இதற்குப் பொருள் அல்ல. அவர்கள் பார்த்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை என்னைப் போன்றவர்கள் சோம்பலில் விட்டுவைத்தவை. புலி வருது புலி வருது என்று தினமும் கத்தினால் நிஜப் புலி வருகிற அன்றைக்கு யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

சரி, சேவைக்கு வருகிறேன். லெட்ஸ் என்கிரிப்ட் என்பது சான்றிதழ் வழங்கும் ஓர் அமைப்பு. ஐஎஸ்ஆர்ஜி என்ற லாபநோக்கற்ற நிறுவனம் நடத்துகிறது. மொசில்லா, எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம், அகமாய், சிஸ்கோ போன்றவர்கள் சேர்ந்து 2014 நவம்பரில் அறிவித்தார்கள். 2015 டிசம்பரில் எல்லோருக்கும் சோதனை நிலையில் திறந்தார்கள், 2016 ஏப்ரலில் சோதனைப் பெயரை எடுத்தார்கள். 2020 பிப்ரவரியில் நூறு கோடியாவது சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் சான்றிதழ் என்றால் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஒரு படிவம் நிரப்ப வேண்டும், மின்னஞ்சலில் வரும் கோப்பை இறக்கிச் சரியான இடத்தில் ஒட்ட வேண்டும், அடுத்த வருடம் அதே நாளில் இதையெல்லாம் மறந்துபோயிருக்கும். நான் அதைப் பல வருடங்கள் செய்திருக்கிறேன். இங்கே காசு இல்லை, படிவம் இல்லை, மனிதன் குறுக்கே வருவதும் இல்லை. எனக்குப் பெரிய விஷயம் அந்தக் கடைசி ஒன்றுதான். காசு மிச்சமானது அதற்கு அப்புறம்தான்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. சர்வரில் சர்ட்பாட் என்ற நிரலைப் போடுகிறோம் (வேறு பல நிரல்களும் உண்டு, கேடி என்ற வெப் சர்வர் இந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுக்கலாம்). அது போய் "இந்த டொமைன் என்னுடையது" என்று சொல்லும். லெட்ஸ் என்கிரிப்ட், "அப்படியானால் இந்த வரியை உன் தளத்தில் இந்த முகவரியில் வை, நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லும். வைத்ததும் போர்ட் 80 (குறியாக்கம் இல்லாத பக்கங்களுக்கான சர்வர் வாசல்) வழியாக வந்து பார்த்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும். இந்தப் பேச்சுக்கு ஆக்மி என்று பெயர், 2019-இல் ஆர்எஃப்சி 8555 ஆகத் தரப்படுத்தினார்கள். முதல் தடவை எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிரவுசரைத் திறந்து எச்சரிக்கை இல்லாமல் விடுப்பு போடும் பக்கம் வந்ததைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். வந்து பார்க்கிறார்கள் என்றேனே, 2020-இலிருந்து ஒரே இடத்திலிருந்து அல்ல, உலகின் பல இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் பார்க்கிறார்கள். நடுவழியில் யாராவது போக்குவரத்தைத் திருப்பி ஏமாற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் ஃபயர்வாலில் "வெளிநாட்டிலிருந்து யாரும் வரக் கூடாது" என்று போட்டு வைத்திருப்பவர்களுக்குச் சரிபார்ப்பு தோற்றுப்போகும், காரணம் உடனே புரியாது. போர்ட் 80-ஐ மூடி வைத்தவர்களுக்கும் அதே கதை. பாதுகாப்புக்காக 80-ஐ மூடுகிறேன் என்று சிலர் சொல்வார்கள், மூட வேண்டாம், அதைத் திறந்து வைத்து, குறியாக்கம் உள்ள வாசலான 443-க்குத் திருப்பிவிட்டால் போதும்.

ஆனால் எங்கள் கணக்குப் பக்கமும் கோப்புப் பெட்டியும் வெளியுலகுக்குத் திறந்தவை அல்ல, உள் வலைப்பின்னலில் மட்டும் இருப்பவை. வெளியிலிருந்து யாரும் வந்து பார்க்க முடியாத சர்வருக்கு எப்படிச் சான்றிதழ் வாங்குவது? இங்கேதான் நிறையப் பேர் மனம் சோர்ந்து, நாமே போட்ட சான்றிதழுக்கே திரும்பிவிடுகிறார்கள். இதற்கு டிஎன்எஸ் (எந்தப் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு) வழிச் சரிபார்ப்பு என்று இன்னொரு வழி உண்டு. சர்வரைத் தொடவே வேண்டாம், டொமைனின் டிஎன்எஸ் பதிவில் ஒரு டிஎக்ஸ்டி வரியை வைத்தால் போதும். டொமைன் நம்முடையது என்பதுதான் நிரூபிக்க வேண்டியது, சர்வர் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தேவையில்லை. வாங்கிய சான்றிதழை உள் சர்வரில் போடலாம், உள் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரை உள் முகவரிக்குக் காட்டலாம், எந்தக் கணினியிலும் எதையும் நிறுவாமல் எச்சரிக்கை போய்விடும். 2018 மார்ச்சிலிருந்து எல்லாத் துணைப்பெயர்களுக்கும் சேர்த்து ஒரே நட்சத்திரக்குறிச் சான்றிதழும் தருகிறார்கள், அதற்கு இந்த டிஎன்எஸ் வழி கட்டாயம்.

இந்த வழியில் எனக்கு வந்த தொல்லை லெட்ஸ் என்கிரிப்டால் வந்ததல்ல. எங்கள் டொமைனை வைத்திருந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் பக்கத்தில் நிரல் வழியாக மாற்றம் செய்ய வசதியே இல்லை, ஒவ்வொரு முறையும் நானே உள்ளே போய் வரியை ஒட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கையால் ஒட்டுவதென்றால் ஒரு நாள் மறப்பது நிச்சயம். வசதி இருக்கும் வேறு இடத்துக்கு டிஎன்எஸ்ஸை மாற்றினேன். அங்கே தந்த சாவி ஒன்று டொமைனின் எல்லாப் பதிவுகளையும் மாற்றும் அதிகாரம் உள்ளது. அதை ஒவ்வொரு சர்வரிலும் எழுதி வைப்பது, ஜன்னலுக்குப் பூட்டு வாங்கிவிட்டு வாசல் சாவியைத் திண்ணையில் வைப்பது மாதிரி. சரிபார்ப்புக்குரிய பெயரை மட்டும் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் பதிவு) மூலம் வேறொரு சின்ன டொமைனுக்குத் திருப்பி, அந்தச் சின்ன டொமைனின் சாவியை மட்டும் சர்வரில் வைத்தேன். இதைச் செய்ய அரை நாள் போனது, செய்தது நல்லது.

இப்போது தொண்ணூறு நாள் விஷயம். சான்றிதழின் ஆயுள் 90 நாள்தான். முதலில் கேட்டபோது எனக்கும் எரிச்சலாக இருந்தது, வருடத்துக்கு ஒரு முறை மறப்பதையே தாங்க முடியவில்லை, இதில் மூன்று மாதமா என்று. பிறகுதான் புரிந்தது, வருடத்துக்கு ஒரு முறை செய்யும் வேலையைத்தான் மறக்கிறோம். 90 நாள் என்றால் கையால் செய்ய மனசே வராது, தானாக நடக்கும்படி அமைத்தே ஆக வேண்டும். சர்ட்பாட் தினமும் இரண்டு முறை எழுந்து பார்க்கும், முடிய முப்பது நாள் இருக்கும்போது புதுப்பித்துவிடும். நடுவில் இரண்டு வாரம் ஏதாவது பழுதானாலும் அவகாசம் உண்டு.

ஆனாலும் எங்களிடம் ஒரு தடவை சான்றிதழ் காலாவதியானது. அது எப்படி நடந்தது என்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இதுதான் நடக்கிறது. சர்ட்பாட் ஒழுங்காகப் புதுப்பித்திருந்தது, வட்டில் புதுச் சான்றிதழ் உட்கார்ந்திருந்தது, பதிவேட்டில் எல்லாம் வெற்றி என்று இருந்தது. வெப் சர்வர் மட்டும் பழையதையே நினைவகத்தில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் மறுபடி ஏற்றச் சொல்லவில்லை. வட்டில் இருப்பதைப் பார்த்தால் சரி, பிரவுசரில் பார்த்தால் தவறு, ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். புதுப்பித்த பின் ஓட வேண்டிய கட்டளையைச் சர்ட்பாட்டில் கொடுத்து வைக்க ஓர் இடம் இருக்கிறது, டிப்ளாய் ஹூக் என்பார்கள். அதில் வெப் சர்வரை மறுபடி ஏற்றும் வரியைப் போட்டால் முடிந்தது. மின்னஞ்சல் சர்வரை மறந்துவிட வேண்டாம், அதுவும் அதே சான்றிதழைத்தான் பயன்படுத்தும், அதையும் ஏற்ற வேண்டும். லெட்ஸ் என்கிரிப்டைப் பற்றி "நம்பிப் போட்டேன், காலாவதியாகிவிட்டது" என்று புகார் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: சர்வரை ஏற்றினீர்களா?

இன்னொரு பொறி, நடுச் சான்றிதழ். நம் சான்றிதழுக்கும் பிரவுசர் முன்பே நம்பும் சான்றிதழுக்கும் நடுவில் நிற்பது அது. சர்ட்பாட் சில கோப்புகளைத் தரும். அவற்றில் நம் சான்றிதழ் மட்டும் இருக்கும் கோப்பு ஒன்று, நடுவில் கையெழுத்திட்டவரின் சான்றிதழும் சேர்ந்திருக்கும் ஃபுல்செயின் கோப்பு ஒன்று. முதல் கோப்பைப் போட்டால் கணினியில் குரோம் பெரும்பாலும் எதுவும் சொல்லாது, விடுபட்டதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸும் தெரிந்த நடுச் சான்றிதழ்களை முன்பே வைத்திருப்பதால் சமாளித்துவிடும். ஆனால் கைபேசிச் செயலி திறக்காது, கர்ல் (கட்டளை வழியாகப் பக்கங்களை எடுக்கும் நிரல்) திறக்காது, இன்னொரு சர்வர் வந்து பேசினால் பேசாது. "என் கணினியில் சரியாகத்தானே வருகிறது" என்று சண்டை தொடங்கும். எப்போதும் ஃபுல்செயின்தான், இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

அளவுக் கட்டுப்பாடுகள் உண்டு, தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒரு டொமைனுக்கு வாரத்துக்கு 50 புதுச் சான்றிதழ், அச்சு அசலாக அதே பெயர்களுக்கு வாரத்துக்கு 5, சரிபார்ப்பில் தோற்பது ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை. சாதாரணமாக யாரும் இதைத் தொட மாட்டார்கள். நான் தொட்டேன். சான்றிதழ் கோப்புறையை வெளியே சேமிக்காமல் ஒரு கன்டெய்னரை (நிரலைத் தனிப்பெட்டியில் அடைத்து ஓட்டும் முறை) மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு முறையும் அது புதுச் சான்றிதழ் கேட்டது, ஆறாவது முறை மறுத்துவிட்டார்கள். பெயர்ப் பட்டியலில் இன்னொரு துணைப்பெயரைச் சேர்த்துக் கேட்டால் அது வேறு சான்றிதழாகக் கணக்காகும், அன்றைக்கு அப்படித்தான் தப்பித்தேன். சோதனைக்கென்றே ஸ்டேஜிங் என்று தனி வாசல் வைத்திருக்கிறார்கள், அங்கே கட்டுப்பாடு மிகத் தளர்வு, தரும் சான்றிதழைப் பிரவுசர் நம்பாது என்பது மட்டும்தான் வித்தியாசம். எதையும் முதலில் அங்கே ஓட்டிப் பாருங்கள்.

எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. முடியப்போகிறது என்று முன்பெல்லாம் மின்னஞ்சல் அனுப்புவார்கள், 2025 ஜூன் 4 முதல் நிறுத்திவிட்டார்கள். லட்சக்கணக்கான முகவரிகளை வைத்துக் காப்பதில் தனியுரிமைச் சுமை, செலவு என்று காரணம் சொன்னார்கள். காரணம் நியாயமானது, ஆனாலும் சின்ன இடங்களுக்கு அந்த மின்னஞ்சல்தான் கடைசிப் பாதுகாப்பு வலை. நாம் தனியாகக் கண்காணிப்பு வைக்க வேண்டியதாகிவிட்டது. எங்களிடம் இப்போது வேறொரு கணினியிலிருந்து தினமும் ஒரு சின்ன நிரல் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, சர்வர் நிஜமாகக் காட்டும் சான்றிதழின் கடைசித் தேதியைப் பார்க்கிறது. 20 நாளுக்குக் கீழே போனால் எனக்குச் செய்தி வரும். வட்டில் இருக்கும் கோப்பைப் பார்க்கிற கண்காணிப்பு வேண்டாம், மேலே சொன்ன கதையில் வட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெரிய இடங்களே இதில் விழுந்திருக்கின்றன: 2018 டிசம்பரில் எரிக்சன் மென்பொருளுக்குள் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2 கைபேசி வலைப்பின்னலை நம்பியிருந்த சுமார் 3 கோடியே 20 லட்சம் பேருக்கு டேட்டா நின்றுபோனது. 2020 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணி நேரம் படுத்ததற்கும் காலாவதிச் சான்றிதழ்தான் காரணம்.

நம்பகத்தன்மை எப்படி என்று கேட்டால், தவறு செய்திருக்கிறார்கள், அதை மறைத்ததில்லை. 2020 பிப்ரவரி 29 அன்று தங்கள் நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். ஒரே சான்றிதழில் பல பெயர்கள் இருக்கும்போது, எல்லாப் பெயர்களின் சிஏஏ பதிவையும் (இந்தப் பெயருக்கு யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) பார்ப்பதற்குப் பதில் ஒரே பெயரைப் பல முறை பார்த்துக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30 லட்சத்துக்கு மேல். எல்லாவற்றையும் சில நாட்களுக்குள் ரத்து செய்வதாக அறிவித்தார்கள், பிறகு மாற்றிக்கொள்ளாமல் மீதமிருந்த தளங்கள் உடைந்துவிடும் என்று பத்து லட்சத்துக்கு மேற்பட்டவற்றை விட்டுவைத்தார்கள். அந்த வாரம் எனக்கும் வேலைதான், ஆனால் என்ன நடந்தது, எந்த எண் சான்றிதழ்கள் என்று பட்டியலோடு வெளிப்படையாகச் சொன்னதால் எனக்கு நம்பிக்கை கூடியது.

2021 செப்டம்பர் 30 இன்னும் கஷ்டமான நாள். தொடக்கத்தில் இவர்களுடைய சொந்த ரூட் சான்றிதழை (மற்றவற்றுக்கெல்லாம் அடிப்படையாகக் கணினிகள் முன்பே நம்பி வைத்திருக்கும் சான்றிதழ்) யாரும் அறியாததால், ஐடென்ட்ரஸ்ட் என்ற இன்னொரு சான்றிதழ் அமைப்பின் பழைய ரூட் ஒன்றின் கையெழுத்தைச் சார்ந்திருந்தார்கள். அந்தப் பழைய ரூட் அன்றைக்குக் காலாவதியானது. புதிய கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கைபேசிகள் இவர்களுடைய சொந்த ரூட்டை அறியாதவை. அவற்றுக்காகப் பழைய ரூட்டின் கையெழுத்தையே நீட்டிக்கும் தந்திரம் ஒன்றைச் செய்தார்கள். அந்தத் தந்திரமே ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க வேலைகளைப் பார்க்கும் மென்பொருள்) 1.0.2 வைத்திருந்த பழைய சர்வர்களைக் குழப்பியது. எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. வெளியே எங்கேயும் பேச முடியாமல் நின்றுவிட்டது, பழைய ரூட்டை அதன் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து எடுத்த பிறகுதான் பேசியது. ஐந்தாறு வருடம் புதுப்பிக்காத சாதனங்கள் உங்களிடம் நிறைய இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது, தெரிந்தே ஆக வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் மட்டுமல்ல, பிரவுசர்கள் நம்பும் எந்த அமைப்பு கொடுக்கும் சான்றிதழும் பொதுப் பதிவேடுகளில் எழுதப்படுகிறது, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்து, கூகுள் பெயர் உட்பட 500-க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார்கள், ஈரானியப் பயனர்களை வேவு பார்க்க அது பயன்பட்டது. அப்படிப்பட்டவை இருட்டில் நடக்காமல் இருக்கத்தான் இந்தப் பதிவேடுகள், எனக்கு முழுச் சம்மதம். ஆனால் "சம்பளக்கணக்கு", "பழையகிடங்கு" என்று உள் சர்வர்களுக்குப் பெயர் வைத்து ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் எடுத்தால், உங்கள் அலுவலகத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை நீங்களே ஊருக்குக் கொடுத்த மாதிரி. உள் பெயர்களுக்கு நட்சத்திரக்குறிச் சான்றிதழ் எடுங்கள், தனிப்பெயர் எதுவும் வெளியே தெரியாது.

எம்கேசர்ட். நிரல் எழுதுகிறவர்களின் சொந்தக் கணினியில் லோக்கல்ஹோஸ்ட் (கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் பெயர்) இருக்குமே, அதற்கு எந்தப் பொது அமைப்பும் சான்றிதழ் தராது, தரவும் முடியாது, ஏனென்றால் அது எல்லோருடைய கணினியிலும் இருக்கும் பெயர். அங்கே இந்தக் கருவியை மிஞ்சியது ஒன்றை நான் பார்க்கவில்லை. ஃபிலிப்போ வல்சோர்டா எழுதியது. ஒரு கட்டளையில் உங்கள் கணினிக்கு மட்டும் ஒரு குட்டி ரூட்டை உருவாக்கி நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்கும், அடுத்த கட்டளையில் சான்றிதழ் தரும், அவ்வளவுதான். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கையால் செய்யும்போது தளப்பெயர்களை எழுதும் மாற்றுப்பெயர்ப் பகுதியை விட்டுவிட்டு (குரோம் 58-இலிருந்து அது இல்லாத சான்றிதழை ஏற்பதில்லை) மணிக்கணக்கில் திண்டாடிய காலம் இதனால் முடிந்தது. ஆனால் அந்த ரூட்டின் தனிச்சாவிக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். அது கையில் இருப்பவர் உங்கள் கணினிக்கு முன்னால் எந்தத் தளமாகவும் நடிக்கலாம், வங்கியாகவும் நடிக்கலாம். குழுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று அந்தக் கோப்பைப் பகிர்ந்த ஓர் இடத்தை நான் பார்த்திருக்கிறேன், அன்றே அழிக்கச் சொன்னேன். கைபேசியில் சோதிக்க வேண்டுமானால் ரூட் சான்றிதழை மட்டும் ஏற்றலாம், சாவியை அல்ல. ஐபோனில் நிறுவினால் போதாது, அமைப்புகளில் "அபவுட்" பகுதிக்குள் போய் முழு நம்பிக்கையைத் தனியாக இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல், நாம் சேர்க்கும் ரூட்டைச் செயலிகள் சொல்லாமல் நம்புவதில்லை. இந்தத் தொல்லைகளால்தான் அலுவலகத்துக்கு எம்கேசர்ட் வேண்டாம், டிஎன்எஸ் வழியில் லெட்ஸ் என்கிரிப்ட்டே போதும் என்கிறேன்.

எது தீரவில்லை என்றால், பிரிண்டர். ஒன்றில் சான்றிதழை ஏற்றும் இடம் இருக்கிறது, ஆனால் கையால்தான் ஏற்ற வேண்டும். இன்னொன்றில் அதுவும் இல்லை. இரண்டையும் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் பின்னால் வைத்தேன், பிரவுசர் பிராக்ஸியோடு நல்ல சான்றிதழில் பேசும், பிராக்ஸி உள்ளே பிரிண்டரோடு பேசிக்கொள்ளும். ரௌட்டரை 192.168 என்று தொடங்கும் அதன் உள் முகவரியில் திறந்தால் இன்னும் எச்சரிக்கைதான். 2025 ஜூலையில் லெட்ஸ் என்கிரிப்ட் ஐபி முகவரிக்கும் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது, ஆயுள் சுமார் ஆறு நாள், ஆனால் பொது முகவரிகளுக்கு மட்டும். உள் முகவரி யாருக்கும் சொந்தமில்லை, அதற்கு யாரும் சான்று கொடுக்க முடியாது. ரௌட்டரைத் திறப்பது நான் ஒருவன்தான், அதன் சான்றிதழை என் கணினியில் மட்டும் நம்பவைத்திருக்கிறேன்.

சர்வர் எதுவும் இல்லாமல், வெறுமனே இணையம் பார்க்கும்போது எச்சரிக்கை வருகிறவர்களுக்கு: முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி பல வருடம் பின்னால் போய் நிற்கும், அப்போது திறக்கும் தளமெல்லாம் எச்சரிக்கையாக வரும். ஒரே ஒரு தளத்தில் மட்டும் வந்தால் சான்றிதழின் பெயரையும் தேதியையும் திறந்து பாருங்கள், நேற்றுதான் முடிந்திருந்தால் அவர்கள் மறந்திருக்கிறார்கள், சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பொது வைஃபையில் வந்தால் வைஃபையை விடுங்கள். கடவுச்சொல்லோ பணமோ தேவைப்படும் பக்கம் என்றால் எந்தக் காரணத்துக்கும் தாண்ட வேண்டாம். எச்சரிக்கையைத் தாண்ட ஏதோ ஓர் ரகசியச் சொல்லைத் தட்டச்சு செய்யச் சொல்லும் வழி ஒன்றும் சுற்றுகிறது, அதை வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரை, நிறுத்திய மின்னஞ்சலுக்காக. கையால் சான்றிதழ் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இப்போதே மாறிவிடுவது நல்லது, ஏனென்றால் சான்றிதழ் அமைப்புகளும் பிரவுசர்களும் சேர்ந்து 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, காசு கொடுத்து வாங்கினாலும் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்தான். 47 நாளைக்கு ஒரு முறை ஒரு டஜன் சர்வரில் கோப்பு ஒட்ட யாராலும் முடியாது.

புதிதாகச் சேருகிறவர்களுக்கான குறிப்பில் அந்தப் பழைய பத்தியை எடுத்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "நம் பக்கங்கள் எதிலும் சிவப்பு எச்சரிக்கை வராது. வந்தால் எதையும் அழுத்தாமல் உடனே கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை." கீழே என் எண்ணும் இருக்கிறது.